ஞாயிற்றுக்கிழமை நனையாத சுவர்

ஜெயகிருஷ்ணன் முதன்முதலாகப் போனில் பேசியபோது, "பேஸ்மென்ட்டை மாத்திக் கட்டணும்" என்றுதான் ஆரம்பித்தார். செங்கல்பட்டு வட்டாரத்தில் கட்டட வேலை செய்கிறவர்களுக்குப் பேஸ்மட்டம் என்றால் வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் அடிமேடை. ஜெபாவும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை அடி உயர்த்தணும் சார்?"

"உயர்த்தறதா? அது பூமிக்குள்ள இருக்கும்மா. உள்ளே இறங்கிப் போகணும்."

ஜெபா பேனாவைக் கீழே வைத்தாள். பொறியியல் முடித்து ஏழு வருடம். அதில் இரண்டு வருடமாகத்தான் சொந்தமாக வேலை எடுக்கிறாள். பூமிக்குள் இருக்கும் அறையைப் பாடப் புத்தகத்திலும் சென்னையின் பெரிய கடைகளின் கார் நிறுத்துமிடத்திலும் பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு வீட்டுக்கு அடியில் பார்த்ததில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை விட்டு உள்ளே இருந்தது. தெருப் பக்கமிருந்து பார்த்தால் சாதாரண ஒற்றை மாடி. பக்கவாட்டில் நடந்தால் நிலம் பின்பக்கமாக எட்டடி சரிந்தது. அந்தச் சரிவை வீணாக்காமல், பழைய சொந்தக்காரரான உர வியாபாரி, வீட்டுக்கு அடியில் மூட்டை அடுக்க ஒரு கோடவுன் கட்டியிருந்தார். மூன்று பக்கம் மண்ணுக்குள், ஒரு பக்கம் கதவு. கொல்லையின் வடமேற்கு மூலையில் எருமை படுத்துக் கிடப்பது மாதிரி ஒரு பாறை.

ஜெயகிருஷ்ணனுக்கு மே மாதம் ஓய்வு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகள் பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம். ஓய்வு பெற்றபின் அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துதான் ஆக வேண்டும். மனைவி பெருந்தேவி கணக்கு டீச்சர். மகள் ஹம்சினி ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கிறவள். கோடவுன் ஹம்சினியின் ஒலிப்பதிவு அறையாக வேண்டும். மேலே வடக்குப் பக்கம் ஒரு படுக்கையறையும் சமையலறையும் நீட்டிக் கட்ட வேண்டும். ஜூன் முதல் வாரம் குடிவந்துவிட வேண்டும்.

"முடியுமா?" என்று பெருந்தேவி கேட்டாள்.

"முடியும் மேடம்" என்றாள் ஜெபா. கோடவுனுக்குள் போனதிலிருந்தே அவளுக்கு உள்ளங்கை பரபரத்தது. வாசல் வெயில் இரண்டு எட்டில் அணைந்து, ஒரு குளிர்ச்சி காலைப் பிடித்தது. இங்கே வேலை செய்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பூபாலன் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். செய்யூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது. இருபத்தேழு வயதுப் பெண்ணிடம் வேலை பார்க்கமாட்டோம் என்று மற்ற மேஸ்திரிகள் நழுவிய காலத்தில், "வேல இன்னான்னு சொல்லு, ஆள் யாருன்னு எனக்கு இன்னாத்துக்கு?" என்று வந்து நின்றவர் அவர். பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். நீர் புகாத ரசாயனம் கலந்து மூன்று கோட் பூசினார்கள். தரையில் கான்கிரீட் போட்டு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பதினைந்து நாள் ஆறவிட்டு, வடித்துத் துடைத்தார்கள். ஜனவரி முடிவதற்குள் அறை பளிச்சென்று இருந்தது.

பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த ஈரம் வந்தது.

வடக்குச் சுவரில், இடுப்பு உயரத்தில், தோசைக்கல் அளவுக்கு ஒரு கறை. காலை எட்டு மணிக்குப் பார்த்தால் முத்து முத்தாகத் தண்ணீர். மதியச் சாப்பாட்டுக்குள் சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடி, கொஞ்சம் பெரிதாக.

"கடல் தண்ணிம்மா" என்றார் பூபாலன். "அடியால ஊறிகினு வருது. பாரு, சிலுசிலுன்னு கீது."

ஜெபா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு கரிக்கவில்லை. சுண்ணாம்பு வாசம் லேசாக அடித்தது, அவ்வளவுதான். சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தால், காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கும். இங்கே பூக்கவில்லை. மழை பெய்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கம் பஞ்சாயத்துக் குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. பிறகு எங்கிருந்து?

கறையைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி எழுதினாள். படமெடுத்து ஜெயகிருஷ்ணனுக்கு அனுப்பினாள். அவர் பதறவில்லை. ஒரு புது நோட்டுப் போட்டுவிட்டார். தினமும் ஆறு கேள்வி அனுப்புவார். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் காய்ந்தது, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், வானத்தில் மேகம் உண்டா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவரே நேரில் வந்து கதவைத் திறந்து பார்த்தார். சுவர் பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை காலை ஜெபா படம் அனுப்புகிறாள்: முறம் அளவுக்கு ஈரம்.

"ஜெபா, இது என்னம்மா, ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கற தண்ணி?" என்றார் போனில். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் ஜெபாவுக்கு அந்தக் கேள்வி குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை எது இருக்காது? வேலை இருக்காது. ஆட்கள் இருக்கமாட்டார்கள். சுவருக்கு மேலே, வெளிப்பக்கம், கலவைக்கென்று வைத்திருந்த இருநூறு லிட்டர் டிரம்மை யாரும் தொடமாட்டார்கள். வேலை நாளில் அதைச் சுற்றித் தரை சொதசொதவென்று இருக்கும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கிப் பூச்சைத் தாண்டி வருகிறது என்றால், பூச்சு சரியில்லை. மூன்று கோட்டில் ஏதோ ஒரு கோட்டில் ரசாயனம் குறைந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை டீ நேரத்தில், ஆட்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"மேஸ்திரி, வடக்குச் சுவத்துக்கு கெமிக்கல் அளவா கலந்தீங்களா, இல்ல கடைசியில பத்தாம போச்சா?"

பூபாலன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா கேட்ட?"

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்..."

"தெரிஞ்சுகினியா?" என்றார். எழுந்தார். கரண்டியையும் மட்டக்கோலையும் தண்ணீர்விட்டுக் கழுவி, சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்களில் நாலு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். மிச்சமிருந்த இருவரும் சுவரையும் ஜெபாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவள் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் வேலி ஓரம் நிறுத்தினாள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவிடவில்லை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஈரம் வழக்கம்போல் வந்தது.

வியாழன் காலையும் வந்தது.

அன்று அந்த இருவரும் வரவில்லை. ஜெபா தனியாக அந்த அறையில் ஒரு கவிழ்த்த சாந்துச் சட்டியின் மேல் உட்கார்ந்து, காயத் தொடங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிரம் இல்லை, ஆள் இல்லை, வேலை இல்லை. ஆனாலும் ஈரம் வந்தது. அப்படியானால் ஞாயிறு மட்டும் ஏன் வரவில்லை? ஒரு பெரியவரின் முகத்தில் அடித்த மாதிரி கேட்டுவிட்டோமே என்ற சங்கடம் ஒரு பக்கம் அரித்தது. இன்னொரு பக்கம், அவமானத்தையும் மீறி, இது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசை பிடித்து உலுக்கியது.

கல்லூரியில் ஒரு வாத்தியார் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. சுவர் ஈரம் உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று தெரியாவிட்டால், ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவை. தாளுக்குப் பின்னால் நனைந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளுக்கு முன்னால் நனைந்தால் காற்றிலிருந்து வருகிறது. பரீட்சைக்காக எழுதிய பதில். இந்த வெயில் ஊரில் அதற்கு வேலை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சாயங்காலம், சுவர் நன்றாகக் காய்ந்தபின், சிமென்ட் மூட்டைமேல் மூடியிருந்த கண்ணாடித் தாளில் இரண்டடி வெட்டி, கறை விழும் இடத்தில் சுவரோடு படிய வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை ஆறரைக்கே வந்துவிட்டாள். வழியெல்லாம் மாசிப் பனி. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது, பஸ் தெரியவில்லை. வழக்கப்படி கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஏழேகால் மணிக்குத் தாள் மங்கியது. ஏழே முக்காலுக்கு அதன்மேல் முத்துகள் திரண்டன. எட்டு மணிக்கு ஒரு முத்து இன்னொன்றோடு சேர்ந்து கோடாக வழிந்தது. அவள் டேப்பை உரித்துத் தாளைத் தூக்கினாள். பின்னால் சுவர் சுத்தமாகக் காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். குளிர்ச்சி, ஆனால் ஈரமில்லை.

தண்ணீர் சுவரிலிருந்து வரவில்லை. வாசல் வழியாக வந்த பனிக்காற்றுதான் அந்தக் குளிர்ந்த இடத்தில் பட்டுத் தண்ணீராகிறது. அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று தினமும் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னது அவளேதான். ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருக்கும். ஜெயகிருஷ்ணன் பதினோரு மணிக்கு வருவதற்குள் பனியே போய்விடும்.

சனிக்கிழமை கதவைத் திறக்காமல் பதினோரு மணிவரை காத்திருந்தாள். சுவர் காய்ந்தே இருந்தது. ஜெயகிருஷ்ணனுக்குச் சொன்னாள். மறுமுனையில் நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"எல்லாம் எழுதினேனே," என்றார் கடைசியில். "கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு எழுதலையே!"

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெருந்தேவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் சுவரின் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற ஒரு கருவி. சுவரின் மற்ற இடமெல்லாம் இருபத்தாறு. கறை விழும் இடம் மட்டும் இருபத்திரண்டு. புள்ளி புள்ளியாக அளந்து சாக்பீஸால் குறிக்கக் குறிக்க, சுவரில் ஒரு உருவம் உருண்டு திரண்டு வந்தது. மேலே கூனல், கீழே அகலம்.

பெருந்தேவிதான் முதலில் கேட்டாள். "ஒரே சுவர், ஒரே பூச்சு. அந்த இடம் மட்டும் ஏன் குளிர்ந்து போகணும்? அதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

மூவரும் அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரிடம் கேட்டால் தெரியும் என்பது மட்டும் ஜெபாவுக்குத் தெரிந்தது.

அன்று மதியமே செய்யூருக்குப் போனாள். சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, வேர்க்கடலைக் காட்டோரம் பூபாலனின் வீடு. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் குளியலறைத் தரைக்கு வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காசியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, "குந்தும்மா" என்றாள். பூபாலன் நிமிரவில்லை.

"மேஸ்திரி, பூச்சு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

"அது எனக்குத் தெரியும். நான் பூசுனது எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

அவர் கரண்டியை வைத்துவிட்டு இப்போதுதான் அவளைப் பார்த்தார். "கேட்டது தப்பில்லம்மா. நீ இஞ்சினியரு, கேக்கணும். கேக்காத விட்டாத்தான் தப்பு. ஆளுங்கள வெச்சுகினு கேட்ட பாரு, அதான். நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்?"

ஜெபா தலையாட்டினாள். "ஆளுங்கள வெச்சுக்கினே சொல்றேன். நாளைக்கு வாங்க."

அவர் மறுபடி கரண்டியை எடுத்தார். காசியம்மாள் வேகவைத்த வேர்க்கடலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஜெபா நாலு கடலை உரித்தபின், தாள் ஒட்டிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். முன்பக்கம் நனைந்தது, பின்பக்கம் காய்ந்தது என்ற இடம் வந்ததும் பூபாலன் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரில் வந்த உருவத்தைப் போனில் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, படுத்துகினு கீற மாதிரி..." என்றவர் நிறுத்தினார். "கொல்லையில கீற பாற எந்தப் பக்கம் சாயுது?"

"வூட்டுப் பக்கம்."

"அப்ப அது அங்கியே முடியல. பூமிக்குள்ள வந்துகினே கீது."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வந்தார். ஆட்களும் வந்தார்கள். ஜெபா டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்தபின், தாளைத் தூக்கிக் காட்டினாள். "மேஸ்திரி மேல நான் சொன்னது தப்பு. பூச்சுல ஒரு குறையும் இல்ல. கதவத் திறந்து வைக்கச் சொன்னது நான். ஈரம் என்னாலதான் வந்துச்சு." சொல்லும்போது காது சுட்டது. பூபாலன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு டீயை ஊதினார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.

சுத்தியலின் மரப்பிடியால் சுவரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு வந்தார். டொப், டொப் என்று மண் பேசியது. சாக்பீஸ் கோட்டைத் தாண்டியதும் சத்தம் மாறி, இறுகிய டக் என்று வந்தது. கோட்டுக்கு வெளியே மறுபடி டொப். ஜெயகிருஷ்ணனின் கருவி வரைந்த எல்லையும் பூபாலனின் காது சொன்ன எல்லையும் எங்கேயும் நாலு விரலுக்கு மேல் விலகவில்லை. இராத்திரி முழுக்க வெட்டவெளியில் கிடந்து குளிர்ந்துபோன பாறை, தன் அடிப்பாகத்தால் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சரி, பாறை சுவரத் தொடுது," என்றாள் ஜெபா. "நாம தூண் போடற பக்கம் அது எங்கே போகுது?"

அந்தக் கேள்விதான் வீட்டைக் காப்பாற்றியது. நீட்டிக் கட்டும் பகுதிக்கு ஆறு தூண். எல்லாவற்றுக்கும் ஐந்தடிக் குழி என்று வரைபடத்தில் போட்டிருந்தாள். வீடு வாங்கும்போது கொடுத்த மண் பரிசோதனைத் தாளில் ஒரே ஒரு இடத்தில்தான் துளை போட்டிருந்தார்கள். பூபாலன் ஆறு இடத்திலும் கடப்பாரையை இறக்கச் சொன்னார். மேற்கே இரண்டு இடத்தில் ஒன்றரை அடியில் கணீரென்று தட்டியது. நடுவில் இரண்டு, நாலடியில். கிழக்கே கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கிக்கொண்டே போனது. ஆறடி தோண்டிப் பார்த்தால் உடைந்த செங்கல், மட்கிய சாக்கு, ஓட்டுச் சில்லு. சரிவைச் சமமாக்க உர வியாபாரி கொட்டி மூடிய குப்பை மண்.

ஜெபா குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பாதி வீடு பாறைமேல், பாதி வீடு குப்பைமேல் நின்றிருக்கும். முதல் பெருமழையிலேயே கிழக்குப் பாதி இறங்கியிருக்கும், சுவர் குறுக்கே பிளந்திருக்கும். அவள் கையெழுத்துப் போட்ட வரைபடம் அது.

அன்று சாயங்காலம் குடும்பம் மூன்று பேரையும் வரச் சொல்லி, மறைக்காமல் சொன்னாள். ஆறு தூணும் பாறை வரைக்கும் போக வேண்டும். கிழக்கே பதினோரு அடி ஆகலாம். மூன்று வாரம் தள்ளிப் போகும்.

ஜெயகிருஷ்ணன் முகம் சுருங்கியது. "குவார்ட்டர்ஸை நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கேக்கணுமே. தருவாளோ மாட்டாளோ."

"தராட்டா ஊரப்பாக்கத்துல என் தங்கை ஆத்துல மூணு வாரம் இருந்துட்டுப் போறோம்" என்றாள் பெருந்தேவி. "அது பெரிய விஷயமா? அந்தப் பாறை எவ்வளவு தூரம் போறதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஹம்சினி குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இறங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். பூபாலன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கீழறைக்கு வழி எளிதாகக் கிடைத்தது. குளிர்ந்த இடத்தைக் காற்று தொடக்கூடாது. சுவரை ஒட்டித் தெர்மாகோல் பலகை, அதன்மேல் ஆவி புகாத தாள், அதற்கு முன்னால் மெல்லிய கல் சுவர். ஒலியடக்கத்துக்கும் அது உதவும் என்று ஹம்சினி சந்தோஷப்பட்டாள். கதவுக்கு ரப்பர் விளிம்பு. ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் ஒரு சின்ன இயந்திரம். மேலே தூண்கள் ஒவ்வொன்றாகப் பாறையில் கால் ஊன்றின. கடைசிக் கிழக்குத் தூண் பத்தே முக்கால் அடியில் பாறையைத் தொட்டபோது, குழிக்குள்ளிருந்து ஆள் கொடுத்த குரலைக் கேட்டு ஜெயகிருஷ்ணன் கைதட்டினார். குவார்ட்டர்ஸுக்கு நீட்டிப்பு கிடைத்தது. ஜூன் கடைசியில் அணுபுரத்திலிருந்து சாமான் லாரி வந்தது.

நவம்பரில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் யாரும் கூப்பிடாமலே ஜெபா பூபாலனோடு அங்கே போனாள். ஹம்சினி கீழே ஒலிப்பதிவில் இருந்தாள். கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர்கள் மேலே, பழைய வீடும் புதிய அறையும் சேரும் இடத்துக்குப் போனார்கள். பூபாலன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையிலிருந்து கைக்கு எட்டுகிற உயரம் வரை அந்த இணைப்பை ஆட்காட்டி விரலால் தடவிக்கொண்டே போனார். அப்புறம் மறுபக்கம் வந்து அதையே செய்தார்.

"மயிரிழ விரிசல் கூட இல்ல" என்றார்.

பெருந்தேவி காபியோடு வந்து நின்றாள். "மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாறை இந்தத் தூணோட நிக்கறதா, இன்னும் கிழக்கே போறதா?"

"போகும்மா. எங்க போவுதோ, யாரு கண்டது?"

"கிழக்குப் பக்கத்து மனையை விக்கப் போறாளாம்" என்றாள் பெருந்தேவி. காபியை நீட்டியபடி ஜெபாவைப் பார்த்தாள். "வாங்கறவா கிட்ட உன் நம்பரைக் கொடுக்கட்டுமா?"

ஜெபா காபியைக் கையில் வாங்கிக்கொண்டே ஜன்னல் வழியாக அந்த மனையைப் பார்த்தாள். கோரைப்புல் மழையில் சாய்ந்து கிடந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் புல் முளைக்கவே இல்லை.

"கொடுங்க மேடம்" என்றாள்.